விரல் வலிக்குக் காரணம் பிள்ளையல்ல, கிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், பிள்ளைகளுக்கு முதல் இசைக்கருவி வாங்கித் தருவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வயலின், கீபோர்டு பற்றி எழுதியிருந்ததில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது என் துறையும் இல்லை. பாட்டுக்கு அடியில் கனத்த கீழ்ச்சத்தம் கொடுக்கிற பேஸ் கிட்டாருக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. நாலே கம்பி என்பதால் இது சுலபம், கிடைக்கிற மலிவானதை வாங்கினால் போதும் என்று ஒரு வரி. ஆரம்பத்தில் விரல் வலிக்கத்தான் செய்யும், பிள்ளைகள் பொறுத்துப் பழக வேண்டும் என்று இன்னொரு வரி. முதல் வரியால் பணம் போகும். இரண்டாவது வரியால் பிள்ளை போகும், அதாவது இசையை விட்டே போகும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பகலில் பாபின் கேஸ், பெல்ட், ஊசி உடைந்த கதை. சித்திரை, வைகாசி, ஆடி என்று கோயில் கொடைத் திருவிழா வருகிற மாதங்களில் ராத்திரிக்கு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். 1987-இல் தொடங்கியது, இன்னும் விடவில்லை. மேடையில் எனக்கு எப்போதும் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத இடம்தான். கச்சேரி முடிந்ததும் பாடகரோடு போட்டோ எடுத்துக்கொள்ள வருகிறவர்கள், "அண்ணே, கொஞ்சம் நகருங்க" என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இளையராஜா இசையில் பேஸ் வாசித்த சசிதரனையும், ஏ.ஆர். ரகுமான் இசையில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் பாட்டோடு முணுமுணுக்கிற ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் முதல் பேஸ் கிட்டார் எங்கள் குழு முதலாளியிடமிருந்து வாங்கிய பழசு. 900 ரூபாய். கையில் காசில்லை, ஒவ்வொரு கச்சேரிச் சம்பளத்திலும் 30 ரூபாய் பிடித்துக்கொண்டார். கம்பிகள், நெக் என்கிற கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளை விட்டு எழும்பி, நடுவில் ஒரு பென்சிலை நுழைக்கலாம் என்கிற மாதிரி நின்றன. அழுத்தி அழுத்தி இடதுகை விரல் நுனி பிய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பேன். "ரத்தம் வந்தாதாம்ல வித்தை வரும்" என்றார் முதலாளி. நானும் நம்பினேன். இரண்டு வருஷம் நம்பினேன். களியக்காவிளைப் பக்கம் ஒரு கச்சேரியில், கேரளாவிலிருந்து வந்த இன்னொரு குழுவின் பேஸ்காரர் என் கிட்டாரை வாங்கி ஒரு தரம் மீட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரும் மெல்லிய அரமும் எடுத்தார். கம்பிகளை அடிப்பக்கம் தாங்கும் பாலத்தில் கம்பி உட்காரும் சேணங்களை இறக்கினார், தலைப்பக்கம் கம்பி தங்கும் வெட்டுகளை அரத்தால் கொஞ்சம் ஆழப்படுத்தினார். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அன்று ராத்திரி வாசித்தபோது என் கையே எனக்கு வேறொருவன் கை மாதிரி இருந்தது. மிஷின் மெக்கானிக்காக இருந்துகொண்டு இரண்டு வருஷம் இது எனக்குத் தோன்றவில்லையே என்ற வெட்கம் இன்றைக்கும் உண்டு.

அதனால்தான் உங்கள் கட்டுரையின் இரண்டாவது வரி என்னைச் சுட்டது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு முதல் சில வாரம் விரல் நுனி எரியும், காய்ப்பு ஏறும், அது உண்மை. ஆனால் மாதம் இரண்டாகியும் அழுத்த முடியவில்லை என்றால், பெரும்பாலும் கிட்டாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது என் தங்கை வீட்டுக் கதை. என் மருமகளுக்கு, தங்கை மகளுக்கு, பதினைந்து வயது. சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லை, அவள் கேட்டாள். மோகினி டே என்ற மும்பைப் பெண் பேஸ் வாசிப்பதைப் போனில் பார்த்துவிட்டு வந்த ஆசை. தங்கை வீட்டுக்காரர் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு ஒரு அதிர்ச்சி கொடுக்கலாமென்று நினைத்தாராம், கொடுத்தார். ஆன்லைனில் கிட்டார், பை, வார், ஆம்ப் என்கிற சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கிவிட்டார். பளபளவென்று சிவப்பு. அவள் இரண்டு மாதம் போராடிவிட்டு ஒருநாள் கடைக்கு வந்தாள். இடது கை நான்கு விரலிலும் பிளாஸ்திரி. "மாமா, என் விரல்ல சத்து இல்ல போல. கீபோர்டே படிச்சிக்கிடுதேன்" என்றாள்.

கிட்டாரை மேஜையில் கிடத்தினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்தேன். தடித்த கம்பியில் 5 மில்லிமீட்டர். இரண்டு, இரண்டரை இருக்க வேண்டிய இடம் அது. நெக் வில்லாக வளைந்திருந்தது. வளையாமல் என்ன செய்யும்? பேஸ் கம்பி நாலும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுவை சுமார் 80 கிலோ. ஒன்றரை மூட்டை சிமென்ட் அந்த மரத்துண்டில் ராப்பகலாகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சமாளிக்கத்தான் நெக்குக்குள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக்கம்பி ஓடுகிறது. ஆலன் கீ போட்டு அதை முறுக்கினால் நெக் நிமிரும். இவள் கிட்டாரில் போட்டு முறுக்கினேன். பிடிமானமே இல்லை, சும்மா சுற்றியது. மரை போன போல்ட். தையல் மிஷினாக இருந்தால் கடைந்து மரை எடுத்துவிடுவேன், இதில் மரத்தைப் பிளக்காமல் உள்ளே போக வழியில்லை.

"உன் விரல்ல ஒரு குறையும் இல்ல மக்கா, இந்தக் கட்டைலதான் குறை" என்றேன். அவள் நம்பவில்லை. என்னுடைய கிட்டாரைக் கையில் கொடுத்தேன். அதே பாட்டை வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

நாலு கம்பி, அதனால் மலிவு என்ற கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆறு கம்பி கிட்டாரைவிட பேஸ் பெரும்பாலும் விலை கூடத்தான். நெக் நீளம், கம்பி தடிமன், இழுவை அதிகம், அதைத் தாங்கும் மரமும் இரும்பும் வேண்டும். கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதா கிட்டாருக்கு நானூறு, ஐந்நூறு ரூபாயில் ஒரு செட் மாற்றிவிடலாம். பேஸுக்கு நல்ல செட் 1,500-லிருந்து 2,500 வரை. இதனால்தான் எங்கள் ஆட்கள் மங்கிப்போன பழைய கம்பியைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து மறுபடி மாட்டுகிறோம். அழுக்கும் எண்ணெயும் போய்ச் சில வாரத்துக்குச் சத்தம் பளிச்சென்று திரும்பும். என் வீட்டில் அதற்கென்று ஒரு பழைய இட்லிப் பானை இருக்கிறது. அதை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்பது வீட்டம்மா உத்தரவு.

மலிவானதே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. யமஹா, ஐபனஸ், கார்ட், ஸ்குவையர் என்று பெயருள்ள கம்பெனிகளின் ஆரம்ப மாடல்கள் கடைக்குக் கடை வித்தியாசப்பட்டாலும் 15,000-த்துக்கும் 25,000-த்துக்கும் நடுவில் கிடைக்கின்றன. பல இந்தோனேசியாவில் செய்தவை. முதல் கிட்டாருக்கு அது தாராளம். ஸ்குவையர் என்பது ஃபெண்டர் கம்பெனியின் மலிவு விலைப் பெயர். ஃபெண்டர் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. 1951-இல் அமெரிக்காவில் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! அதுவரை பெரிய வயலின் மாதிரி இருக்கிற ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு, ஃப்ரெட் போட்டு, சுருதி பிசகாமல் வைக்க ஒரு கருவி கொடுத்தார். பிரிசிஷன் என்றால் துல்லியம், அதனால்தான் அந்தப் பெயர். நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் உடம்போடு பூட்டினார். கெட்டுப்போனால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். ரிப்பேர்காரன் மூளை அது. இன்றைக்கும் மலிவு விலை பேஸ்களில் பெரும்பாலானவை அவருடைய பிரிசிஷனையோ, 1960-இல் வந்த ஜாஸ் பேஸையோ, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பை இரண்டிலிருந்தும் எடுத்துச் சேர்த்த பி-ஜே என்ற கலவையையோதான் பின்பற்றுகின்றன. எது நல்லது என்று புதிதாக வருகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றிலும் எல்லாப் பாட்டும் வாசிக்கலாம்.

போனில் கேட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் இப்போதைய பெரிய கேடு. பேஸின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். போனில் இருக்கிற சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கரால் அதைக் கொடுக்கவே முடியாது. அதற்கு மேலே ஒட்டிவருகிற மெல்லிய சத்தங்கள்தான் காதில் விழும். தங்கை வீட்டுக்காரர் நாலு வீடியோ பார்த்து, "சவுண்டு நல்லாத்தான் மச்சான் இருந்துச்சு" என்றார். அவர் கேட்டது பேஸையே அல்ல.

அடுத்த மாதம் நானும் மருமகளும் மதுரைக்கு ஒரு கடைக்குப் போனோம். அவள் ஆள் சின்னது, கை சின்னது. அதனால் நெக் குட்டையான மாடல்தான் சரி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். வழக்கமான பேஸில் கம்பியின் ஓடும் நீளம் 34 அங்குலம், குட்டையானதில் 30. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியில் வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ்கூட 30 அங்குலம்தான் என்றெல்லாம் பஸ்ஸில் அவளுக்குப் பாடம் எடுத்தேன். கடையில் இரண்டையும் மாற்றி மாற்றி மடியில் வைத்து அரைமணி நேரம் வாசித்தாள். கடைசியில் பெரியதைத்தான் பிடித்தாள். "சின்னதுல கீழ்க்கம்பி தொளதொளன்னு இருக்கு மாமா." உண்மைதான், நீளம் குறைந்தால் இழுவையும் குறையும். நாற்பது வருஷத்தை நெருங்குகிற என் அனுபவம் வாயை மூடிக்கொண்டது. உங்கள் பிள்ளைக்கு எது கைக்கு அடங்கும் என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும், அதற்கு அது கடைக்கு வந்தாக வேண்டும்.

புதியதன் விலை எங்கள் கணக்குக்கு மேலே போனது. ஏற்கெனவே 7,500 போன வயிற்றெரிச்சலில் தங்கை வீட்டுக்காரர் 15,000-க்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்றுவிட்டார். அதில் கிட்டாருக்கே முழுவதையும் கொட்டிவிடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாகர்கோவிலில் ஒரு பையன், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவன், இரண்டு வருஷம் பழைய இந்தோனேசிய பேஸை விற்கிறான் என்று தெரிந்தது. 13,000 கேட்டான்.

அங்கே நான் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் ஓரத்தைப் பார்த்தேன். முறுக்கு இருந்தால் இரண்டு ஓரமும் ஒத்துப்போகாது. அப்படி இருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டியதுதான், அதற்கு வைத்தியம் கிடையாது. இருக்கவில்லை. பிறகு தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நடுவில் எட்டாவது ஃப்ரெட்டில் என் கடை விசிட்டிங் கார்டை நுழைத்தேன். உரசிக்கொண்டு போனது. அவ்வளவு இடைவெளிதான் வேண்டும். உரசாமல் தாராளமாகப் போனால் ராடை லேசாக முறுக்கலாம். பையனிடம் ஆலன் கீ வாங்கி, கால் திருப்புக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்து, பிடிமானம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மருமகளின் கிட்டார் சொல்லிக்கொடுத்த பாடம்.

அடுத்தது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பையிலிருந்து ஒரு ஷிஃபான் வெட்டுத்துணியை எடுத்து நெக்கின் இரண்டு ஓரமும் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். காய்ந்த வெயிலில் மரம் சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஷிஃபான் சிக்கி நூல் இழுத்துவிடும். கையால் தடவினால் ஏமாறலாம், ஷிஃபான் ஏமாறாது. இரண்டு இடத்தில் சிக்கியது. அரம் போட்டால் போகிற விஷயம், ஆனால் 500 ரூபாய் குறைக்கக் காரணம் கிடைத்தது. பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் மீட்டினேன், எங்காவது ஜிர்ரென்கிறதா, எங்காவது சத்தம் உடனே செத்துப்போகிறதா என்று. போனில் இலவச ட்யூனர் வைத்துக்கொண்டு, சும்மா மீட்டினாலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் ஒரே சுரம் காட்டுகிறதா என்று பார்த்தேன். இல்லாவிட்டால் மேலே போகப் போக அபசுரம். குமிழ்களைத் திருப்பினால் கரகரப்பு, வயர் செருகுகிற துளையான ஜாக்கில் அது ஆடினால் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஜாக்கை மாற்ற நூறு ரூபாய்கூட ஆகாது, அதையும் சொல்லிக் குறைத்தேன். 11,000-க்கு முடிந்தது.

பேட்டரி போடுகிற ஆக்டிவ் வகை வேண்டாம் என்றும் நான் சொல்லியிருந்தேன். அதில் 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும், வயரைச் செருகி வைத்திருக்கிறவரை அது தீர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு இரண்டாவதாக வந்த கிட்டார் அந்த வகை. வள்ளியூர்ப் பக்கம் ஒரு கொடையில், சாயங்காலம் மைக் டெஸ்டுக்குச் செருகிய வயரைப் பிடுங்க மறந்துவிட்டேன். பேட்டரியும் பழசு. நடுராத்திரி, கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிற பாட்டில் என் சத்தம் இருமி இருமி நின்றுபோனது. அறிவிப்பாளரின் கார்ட்லெஸ் மைக்கிலிருந்து பேட்டரியை உருவி மாட்டி வாசித்தேன். மீதி ராத்திரி முழுவதும் அந்த ஆள் அடுத்த பாட்டைத் தொண்டை கிழியக் கத்தி அறிவித்தார். இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மருமகள் கணக்குக்கு வருகிறேன். கிட்டார் 11,000. புதுக் கம்பி 1,800. அகலமான தோள்வார் 550. கிட்டார் நாலு கிலோ, மெல்லிய வாரில் தொங்கினால் வளர்கிற பிள்ளைக்குத் தோள் போய்விடும். ஜாக்கில் செருகி ஹெட்போனில் கேட்கிற சின்ன ஆம்ப் 1,600. வீட்டில் பழக அது போதும், சர்ச்சில், சிக்னலைப் பொருத்திக்கொடுக்கிற டி.ஐ. பெட்டி வழியாக மிக்ஸருக்குப் போய்விடுகிறது. இதைச் சொல்லக் காரணம், பேஸைச் சாதா கிட்டார் ஆம்பில் செருகிச் சத்தம் கூட்டி ஸ்பீக்கரைக் கிழித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆக மொத்தம் 14,950. மீதி 50 ரூபாயில் வடசேரி பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் டீ குடித்தோம், வடைக்கு என் காசு.

குருத்தோலை ஞாயிறன்று முதல் தடவை சர்ச்சில் வாசித்தாள். உள்ளே இடமில்லை, நான் வாசலில் செருப்பு கிடக்கிற இடத்தில் நின்றேன். பாட்டின் வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, பேஸ் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் தப்பினாள், அடுத்த தாளத்தில் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் நான் கேட்கும் முன்பே தப்பியதை அவளே சொன்னாள்.

கட்டுரையில் மூன்று இடத்தில் 'பாஸ் கிட்டார்' என்று அச்சாகியிருக்கிறது. பேஸ் என்பதே சரி. பாஸ் என்றால் எங்கள் பக்கம் முதலாளி. அடுத்த முறை திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்புக் கிட்டார் என் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. விலைக்குத் தரும்படி யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். ஆம்ப், வயர் எல்லாம் நானே தருகிறேன், பத்து நிமிஷம் வாசித்துவிட்டு விரல் வலியைப் பற்றி மறுபடி ஒரு பத்தி எழுதட்டும்.

இப்படிக்கு,
தையல் மிஷின் மெக்கானிக் ஒருவர்,
பாளையங்கோட்டை.